சிஸ்டர் ஏன் ஓடி வருவதில்லை?

"அங்க ஒருத்தன் செத்துட்டிருக்கறான், இந்தம்மா என்னமோ கோயிலுக்குப் போற மாதிரி நடந்து வருது பாருங்க!"

முப்பத்தைந்து வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியாக இருந்தவள் நான். இந்த வசவை எத்தனை குரலில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சொன்னவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. எங்கள் கொங்குப் பக்கத்தில் அக்கறை என்றால் ஓட்டம்தான். கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்பவளுக்குத்தான் நல்ல பெயர். உட்கார்ந்து யோசிப்பவள் சோம்பேறி. அதே கண்ணோடுதான் கேஷுவாலிட்டி வாசலில் நின்று எங்களைப் பார்க்கிறார்கள்.

ஆனால் செவிலியர் பள்ளியில் சேர்ந்த புதிதிலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, தீப்பிடித்தால் ஓடு, ரத்தம் பீறிட்டால் ஓடு, மற்ற எதற்கும் வேகமாக நட என்பதுதான். ஓடுகிற செவிலியைப் பார்த்தால் படுத்திருப்பவனுக்குப் பாதி உயிர் போய்விடும். பக்கத்துக் கட்டில்காரனுக்கும் படபடக்கும். இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: ஓடி வந்து சேர்ந்தவளுக்கு மூச்சு இரைக்கும், காதுக்குள் தன் நாடியே அடிக்கும். அவளால் இன்னொருவரின் நாடியை எண்ண முடியாது.

1993, ஐப்பசி மாதம். நான் வேலை பார்த்த வட்டார மருத்துவமனைக்கு இரவு இரண்டு மணி சுமாருக்கு ஒரு தறிக்காரரை டிவிஎஸ் ஃபிப்டியில் நடுவில் உட்கார வைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஒரு டெம்போ நிறையச் சொந்தபந்தம். ராத்திரி ஷிப்டில் தறிக்குடோன் தரையிலேயே சாக்கை விரித்துக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்திருக்கிறார். என்னவோ கடித்தது. மூலையில் பாம்பு ஒன்று நழுவிப் போனதைப் பக்கத்துத் தறிக்காரர் பார்த்திருக்கிறார். கடித்த இடத்தில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளி. அவர் சொன்னதெல்லாம் "வவுறு பெசையுதுங்க" என்பது மட்டும்தான்.

சுற்றிலும் ஒரே கூச்சல். "ஏனுங்க சிஸ்டர், ஊசியப் போடுங்க மொதல்ல!" எனக்கும் அதேதான் தோன்றியது. ஃபிரிட்ஜைத் திறந்து விஷமுறிவு மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துவிட்டேன். அன்று என்னோடு டூட்டியில் இருந்த பெரிய சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "நில்லு மக்ளே" என்றார். டூட்டி டாக்டரை அழைத்து வரக் குவார்ட்டர்ஸுக்கு ஆள் அனுப்பினார். கடிபட்டவரின் கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்தார். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டார், ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து கேஸ் ஷீட்டில் மணியை எழுதினார். 2:10.

அந்தக் குழாயை இனி இருபது நிமிடம் யாரும் தொடக் கூடாது. இருபதாம் நிமிடம் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் ஒரு பதில், தண்ணீராய் ஓடினால் வேறு பதில். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் ரத்தம் உறையும் சக்தி கெட்டுப்போகும், குழாய் அதைக் காட்டிக் கொடுக்கும். இவ்வளவு எளிய சோதனையிலும் கோட்டை விட வழிகள் உண்டு. பிளாஸ்டிக் குழாயில் விட்டால் கணக்குத் தவறும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். பொறுமை இழந்து பத்தாம் நிமிடம் சாய்த்துப் பார்த்தால் பார்த்ததெல்லாம் வீண்.

"மனுசன் கெடக்கறான், ரத்தத்தக் குழாய்ல ஊத்தி வேடிக்க பாக்கறீங்களே" என்று ஒரு பெரியவர் என் மேல் பாய்ந்தார். அந்த நேரத்தில் பெரிய சிஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். குழாயின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கடிபட்டவரின் முகத்துக்கு நேரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தன் விரலை உயர்த்தி, தலையை அசைக்காமல் அதைப் பார்க்கச் சொன்னார். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். முதல் தடவை இருபத்தெட்டு வரை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார். பத்தொன்பதில் நின்றது. அண்ணாந்து பார்த்த கண்ணில் இடது இமை பாதியில் சரிந்தது.

2:30க்கு நான் குழாயைச் சாய்த்தேன். ரத்தம் கெட்டியாக உறைந்திருந்தது. "வெசமில்லீங்களாமா!" என்று கூட்டம் மூச்சு விட்டது. பெரிய சிஸ்டர் அதற்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட்டார். கடித்தது கட்டுவிரியன். அதன் விஷம் ரத்தத்தின் உறைவைக் கெடுக்காது. நரம்பைக் கட்டிப்போட்டு மூச்சை நிறுத்தும். டாக்டர் வந்ததும் பத்துக் குப்பி மருந்து சலைனில் கலந்து ஏறியது. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்திலேயே ஊசியில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. கோவைக்குப் போகும் வழியெல்லாம் ஆம்புலன்சில் பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். அவர் பிழைத்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலிலேயே நான் அவசரப்பட்டு மருந்தைப் போட்டிருந்தாலும் அந்த மனிதரைப் பொறுத்தவரை சரியாகத்தான் போயிருக்கும். ஆனால் எங்கள் வாசலுக்குப் பாம்புக்கடி என்று வருகிற எத்தனையோ பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பு. விஷப் பாம்பே கடித்தும் விஷம் இறங்காமல் போவதும் உண்டு. குதிரையின் ரத்தத்திலிருந்து செய்த அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல், தேவையே இல்லாத ஒருவருக்கு மூச்சடைத்து நாடி விழுந்தால் பாம்பு செய்யாததை நாங்கள் செய்தவர்கள் ஆவோம். சரி, குழாயை மட்டும் நம்பி "ஒண்ணுமில்ல, படுத்துக்கங்க" என்று விட்டிருந்தால்? விடிவதற்குள் மூச்சு நின்றிருக்கும். அவரைக் காப்பாற்றியது அந்த ஸ்டூல்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம், தாமதமாக வந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷத்தால்தான் நாட்டின் பெரும்பகுதி மருந்து தயாராகிறது. குப்பி ஊரூராக வந்துவிட்டது. ஸ்டூல் போட்டு முகத்தைப் பார்த்து உட்கார ஆள் வேண்டுமே, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சோமனூர். எங்கள் அய்யன் கூலிக்குக் காடா நெய்தவர். பத்துத் தறி ஒன்றாக ஓடும் குடோனில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் எங்கோ ஒரு தறியின் தாளம் இம்மி பிசகினால் அய்யனின் தலை திரும்பும். தறியை நிறுத்துவார். உடனே கையை விடமாட்டார். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன, அறுந்தது எது, விழுதுக்கு முன்னாலா பின்னாலா என்று கண்ணால் தேடிவிட்டுத்தான் விரல் உள்ளே போகும். பதறிக் கைவிட்டால் ஒரு இழை அறுந்த இடத்தில் பத்து இழை சிக்கும், நாடா தெறித்தால் கண்ணே போகும். எங்கள் மருத்துவமனைக்கு அப்படிக் கண் போய் வந்தவர்களும் உண்டு. நிதானம் என்பதை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை.

அதே சோமனூரில் 2017 செப்டம்பர் 7ஆம் தேதி பிற்பகல், பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள் மேல் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். அன்று நான் வேறு ஊரில் டூட்டியில் இருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் நின்று பஸ் ஏறிய இடம் அது. செய்தி கேட்டதும் கை நடுங்கியது. வீட்டுக்குப் போன் போட்டு ஒவ்வொருவராகக் குரலைக் கேட்ட பிறகுதான் என் வார்டு எனக்குக் கண்ணில் தெரிந்தது. நிதானத்தைப் பற்றிப் பேசுகிறவளும் தன் ஊர், தன் ரத்தம் என்றால் ஆடித்தான் போவாள். அதனால்தான் சொந்தக்காரருக்குச் சொந்தக்கார செவிலி ஊசி போட வேண்டாம் என்பார்கள் பெரியவர்கள். அந்த இடிபாட்டை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடியை அரசு நியமித்தது, கட்டடத்தின் கதை அந்தப் பக்கம் போயிற்று. என் யோசனை எல்லாம் காயம்பட்டவர்கள் ஒரே நேரத்தில் போய் இறங்கிய கேஷுவாலிட்டி வாசலைப் பற்றித்தான்.

அப்படிப்பட்ட வாசலில் ஒரு விசித்திரம் நடக்கும். அதிகமாகக் கத்துகிறவரைச் சுற்றித்தான் எல்லோரும் நிற்பார்கள். கை ஒடிந்து தொங்குகிறது, வலி தாங்காமல் அலறுகிறார், ரத்தம் சட்டையெல்லாம் நனைந்திருக்கிறது. பார்க்கவே பதறும். ஆனால் அலறுகிறவருக்கு மூச்சுக் குழாய் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. சுவரோரம் சத்தமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்திருப்பாரே ஒருவர், "எனக்கு ஒண்ணுமில்ல, அவரப் பாருங்க" என்று கூடச் சொல்வாரே, நெற்றி வேர்த்து உதடு வெளுத்து, அவரிடம்தான் முதலில் போக வேண்டும். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்திருந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது.

யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு நெப்போலியனின் படையில் இருந்த அறுவை மருத்துவர் லாரே ஒரு வழி வகுத்தார். பதவியைப் பார்க்காதே, காயத்தின் கடுமையைப் பார். 1983இல் கலிபோர்னியாவில் அதையே அரை நிமிடத்தில் முடிகிற சோதனையாக்கினார்கள். எழுந்து நடக்க முடிகிறவர் பச்சை. மற்றவர்களில், மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்கு மேலா, மணிக்கட்டில் நாடி தட்டுகிறதா, "என் விரலைப் பிடி" என்றால் பிடிக்கிறாரா என்று பார். ஒன்று தவறினாலும் சிவப்பு. தமிழக அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில் இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கோடு போட்டிருப்பது இந்த வழியில்தான். 2020 பிப்ரவரி 20 விடிவதற்கு முன் அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தில் கன்டெய்னர் லாரி மோதி 19 பேர் இறந்தார்களே, அதுபோன்ற ஒரு விடியலில் அந்தக் கோடுகள் இல்லாவிட்டால், குரல் உள்ளவனுக்குத்தான் வைத்தியம் கிடைக்கும்.

மார்பை அமுக்கி உயிர் மீட்கிற வேலையிலும் நிதானத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூச்சும் நாடியும் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து வினாடி வரை எடுத்துக்கொள், அதற்கு மேல் போகாதே என்கிறது விதி. இதயம் நின்றவனுக்குப் பத்து வினாடி, பாம்பு கடித்தவனுக்கு இருபது நிமிடம். ஒவ்வொரு ஆபத்துக்கும் அதனதன் கடிகாரம் உண்டு. அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் மூன்று வருடம், நான்கு வருடம் படிக்கிறோம்.

மெஷின் கத்தினாலும் இதே பாடம்தான். மானிட்டரில் கோடு நேராகப் போய்க் கீச்சென்று அலறும், புதிதாக வந்த பிள்ளைகள் அலறுவார்கள், நோயாளியோ இட்லி தின்றுகொண்டிருப்பார். வேர்வையில் ஒயர் கழன்றிருக்கும். மருதாணி விரலிலும் சில்லிட்ட விரலிலும் கிளிப்பை மாட்டினால் ஆக்சிஜன் அளவு தாறுமாறாகக் காட்டலாம். திரையை அப்புறம் பார், ஆளை முதலில் பார் என்று நான் எத்தனை பேட்ச் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு பக்கம் கை விழுந்து வாய் குழறுகிற பாட்டியைப் பக்கவாதம் என்று தூக்கி வருவார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 38. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மருமகளோடு சண்டை, சாப்பிடவில்லை. குளுக்கோஸ் ஏறியதும் கை எழும்பும், சண்டையும் தொடரும்.

இவ்வளவும் ஒரு பக்கம். நிதானத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் என் தொழிலை மெச்சிக்கொள்வது நியாயமில்லை.

வருடங்கள் ஏற ஏற எங்களுக்குத் தோல் தடித்துவிடுகிறது. "நெஞ்சு கரிக்குது சிஸ்டர்" என்று ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தால், பார்த்த மாத்திரத்தில் "கேஸ்" என்று முடிவுகட்டி ஜெலுசில் கொடுத்து அனுப்புகிறது ஒரு வகை அமைதி. பெண்களுக்கு மாரடைப்பு முதுகுவலியாக, குமட்டலாக, வெறும் அசதியாகக் கூட வரும். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகள் தயாராக இருக்கின்றன. ஆனால் இது இதயமாக இருக்குமோ என்று யாருக்காவது முதலில் சந்தேகம் வந்தால்தானே அந்த டப்பா திறக்கும்? பார்க்காமல் அமைதியாக இருப்பது அலட்சியம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நடைதான். பதறி ஓடுகிறவளை விட, பார்க்காமலே அமைதியாக இருக்கிறவளிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

என் தப்பையும் சொல்கிறேன். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். வார்டில் முப்பது பேருக்கு எண்ணினால் அரை மணி நேரம். ஒரு காலத்தில் நான் எண்ணாமலே எல்லோருக்கும் 20 என்று எழுதினேன். எங்கள் தொழிலில் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. எந்த ஊர் கேஸ் ஷீட்டைப் புரட்டினாலும் மூச்சுக் கட்டத்தில் 18, 20, 18, 20 என்று வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். ஒருநாள் பிரசவமாகி மூன்று மணி நேரம் ஆன ஒரு பெண்ணுக்கும் அப்படியே எழுதினேன். பி.பி. நன்றாக இருந்தது, சிரித்துப் பேசினாள். அடுத்த டூட்டிக்கு வந்த சிஸ்டர் எண்ணினார்: மூச்சு 30, நாடி 124. போர்வையை விலக்கினால் அடியில் ரத்தம் குளம் கட்டியிருந்தது. இளம் உடம்பு ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும் வரை கூட பி.பி.யை விழாமல் தாங்கிப் பிடிக்கும். அது விழும்போது பள்ளத்தில் விழுவதுபோல் விழும். முன்கூட்டியே சொல்வது மூச்சும் நாடியும்தான். அவள் பிழைத்தது என் புண்ணியமில்லை. அன்றிலிருந்து எண்ணாமல் ஒரு எண்ணும் எழுதியதில்லை.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் குறிப்புகளில் நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். கவனிப்பு என்ற நம் சொல்லைப் பாருங்கள். உபசரிப்பதும் அதுதான், உற்றுப் பார்ப்பதும் அதுதான். அந்த ஒரு சொல்லுக்குள் என் வேலை முழுக்க அடங்கிவிடும்.

இனி ஸ்டூலுக்கு வருகிறேன். அன்று இரவு பெரிய சிஸ்டர் ஒரே ஒருவர் முகத்தைப் பார்த்து இருபது நிமிடம் உட்கார முடிந்ததற்குக் காரணம், குழாயைப் பார்க்க நான் இருந்தேன், வார்டைப் பார்க்க இன்னொருத்தி இருந்தாள். மூன்று பேர். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலி, கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவு டூட்டியில் நாற்பது கட்டிலுக்கு ஒருத்தியாக நின்றவர்களைக் கேளுங்கள், அந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். 2015இல் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று வந்த பிள்ளைகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை பொய்த்து, 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஊதியம் பிறகு படிப்படியாக உயர்ந்தது. நிரந்தரத்துக்காக அவர்களில் பலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அடுத்த மாதம் வேலை உண்டா என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பவளிடம் போய் நிதானமாக இரு அம்மிணி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அரசு கட்டடம் கட்டுகிறது, ஸ்கேன் மெஷின் வாங்குகிறது, ரிப்பன் வெட்டுகிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு கூடுதல் செவிலியை நிறுத்த மட்டும் பணம் இருப்பதில்லை.

கூட்டத்தின் பங்கும் உண்டு. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2008லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அடிக்கிறவர்கள் குறைவு, கத்துகிறவர்கள் அதிகம். காதுக்குள் பத்துப் பேர் கத்தும்போது மருந்தின் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும்போது கொண்டு வர வேண்டியது மூன்றுதான்: எத்தனை மணிக்கு ஆனது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், தினமும் தின்கிற மாத்திரையின் அட்டை. இதைச் சொல்ல ஒருவர் உள்ளே போதும். கூட வந்தவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் இருக்கலாம்.

ஓய்வு பெற்ற பிறகு போன மாதம் ஒரு மருத்துவமனைக்கு நானே துணையாளாகப் போனேன், பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும் அந்தச் செவிலிக்கு. நடந்துதான் வந்தாள். ஆத்தாவின் வயிற்றில் லேசாகக் கை வைத்து, மார்பில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள். ஆத்தாவின் பேரன் பொறுக்க மாட்டாமல், "ஏனுங்க, சும்மா நின்னுட்டிருக்கறீங்க, ஏதாச்சும் பண்ணுங்க" என்று குரலை உயர்த்தினான். ஆத்தாவின் மகன், நாற்பது வருடமாகத் தறி ஓட்டுகிறவர், பையனின் முழங்கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்.

"சத்தம் போடாதறா. அது எண்ணிட்டிருக்குது."